நிரலை நிறுத்தும் மெத்தட்கள் எங்கே இருக்க வேண்டும்?

ஒரு நிரல் தவறான விடை தருகிறது, ஆனால் தவறு எந்த வரியில் நுழைகிறது என்று தெரியவில்லை. அப்போது ஐயத்திற்குரிய இடத்தில் நிரலை ஓடவிடாமல் நிறுத்தி, அந்தக் கணத்தில் மாறிகளில் என்னென்ன மதிப்புகள் இருக்கின்றன, இந்த இடத்திற்கு நிரல் எந்த வழியாக வந்தது என்று பார்க்கிறோம். அப்படி நிறுத்தும் இடம்தான் பிரேக்பாயிண்ட். பல மொழிகளில் இதை எடிட்டரே பார்த்துக்கொள்கிறது: வரியின் ஓரத்தில் சொடுக்கினால் ஒரு சிவப்புப் புள்ளி விழுகிறது, நிரல் அங்கே வந்ததும் நிற்கிறது. ஆனால் நிறுத்தும் வேலையே ஒரு மெத்தட்டாக, அதாவது பெயர் சொல்லி அழைக்கக்கூடிய நிரல் துண்டாக, எழுதப்பட்டிருக்கும் மொழிகளும் உண்டு. அங்கே ஒரு வடிவமைப்புக் கேள்வி எழுகிறது: அந்த மெத்தட்களை எந்த கிளாஸில் (தரவையும் அதற்கான மெத்தட்களையும் ஒன்றாக வரையறுக்கும் அமைப்பில்) வைப்பது, எப்படி வகைப்படுத்துவது? இந்தக் கேள்வியைப் பாரோ என்னும் மொழியை வைத்துப் பார்ப்போம். அது இதே கேள்விக்கு ஒரு விடையிலிருந்து இன்னொரு விடைக்கு நகர்ந்த மொழி.

பாரோவின் மூதாதை ஸ்மால்டாக். 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடெல் கோல்ட்பெர்க் முதலியோர் அதை உருவாக்கினர். அதன் வழியில் 1996ல் ஸ்க்வீக் வெளிவந்தது. ஸ்க்வீக்கிலிருந்து 2008ல் பாரோ பிரிந்தது. இந்தக் குடும்பத்தில் எண், எழுத்து, திரையில் தெரியும் சன்னல் என எல்லாமே ஆப்ஜெக்ட். எந்த வேலையும் ஏதேனும் ஓர் ஆப்ஜெக்ட்டிற்கு ஒரு செய்தி அனுப்புவதால்தான் நடக்கிறது. ஆகவே பிரேக்பாயிண்ட்டிற்கென்று மொழியில் தனி இலக்கணம் கிடையாது. மெத்தட்டின் நடுவே இப்படி ஒரு வரி எழுதினால் போதும்:

செல்ஃப் ஹால்ட்.

(நிரல் வரிகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.) செல்ஃப் என்பது அந்த மெத்தட்டை ஓட்டிக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்ட்டைக் குறிக்கிறது, ஹால்ட் என்பது அதற்கு அனுப்பப்படும் செய்தி. அந்த வரியை எட்டியதும் நிரல் நின்று, அதன் நிலையைப் பார்க்க உதவும் பிழைதேடும் கருவியான டீபக்கரின் சன்னல் திறக்கிறது.

எந்த ஆப்ஜெக்ட்டிற்கு அனுப்பினாலும் இந்தச் செய்தி புரிகிறது என்றால், அதற்கான மெத்தட் எல்லா கிளாஸ்களுக்கும் பொதுவான ஓர் இடத்தில் இருந்தாக வேண்டும். அந்த இடம் ஆப்ஜெக்ட் என்றே பெயர் கொண்ட கிளாஸ். ஏறக்குறைய எல்லா கிளாஸ்களும் அதன் வழித்தோன்றல்கள் என்பதால், அதில் எழுதப்பட்ட மெத்தட் மரபுரிமையாக எல்லோருக்கும் வந்துவிடுகிறது. 3 என்ற எண்ணிற்கும் ஹால்ட் தெரியும், ஒரு கோப்பிற்கும் தெரியும். நிறுத்துவது ஒரே விதமாக இருந்தவரை இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை.

நிறுத்தும் விதங்கள் பெருகியபோதுதான் சிக்கல் தொடங்கியது. ஒரு கடையின் ரசீதுகளைப் படிக்கும் நிரலை எடுத்துக்கொள்வோம். ரசீது என்ற கிளாஸில் வரிசேர் என்று ஒரு மெத்தட்; கோப்பில் உள்ள 10,000 வரிகளுக்கும் அது ஒவ்வொரு முறை ஓடுகிறது. அவற்றுள் ஏதோ ஒரு வரியில் தொகை எதிர்மறையாகிவிடுகிறது. அந்த மெத்தட்டில் வெறும் ஹால்ட் வைத்தால் முதல் வரியிலேயே நிற்கும். தொடரச் சொன்னால் இரண்டாம் வரியில் நிற்கும். பிழையுள்ள வரியை இப்படித் தேடிப் போய்ச் சேர யாருக்கும் பொறுமை இருக்காது. நமக்கு வேண்டியது, ஒரு நிபந்தனை உண்மையானால் மட்டும் நிற்கும் மெத்தட்.

இன்னொரு சூழலைப் பார்ப்போம். திரையில் ஒரு சன்னலை வரையும் மெத்தட்டில் ஹால்ட் வைக்கிறோம். நிரல் நிற்கிறது, டீபக்கர் திறக்கிறது. டீபக்கர் சன்னல் மேலே வந்ததாலேயே திரையை மறுபடி வரைய வேண்டியிருக்கிறது. வரைந்தால் மறுபடி ஹால்ட், அதற்கு இன்னொரு டீபக்கர். ஸ்மால்டாக்கில் டீபக்கரும் நம் நிரலும் ஒரே சூழலுக்குள் வாழ்வதால் நேரும் சங்கடம் இது. இங்கே வேண்டியது ஒருமுறை மட்டும் நின்று, பிறகு பேசாமல் ஒதுங்கிக்கொள்ளும் மெத்தட். இன்னும் சில வேளைகளில், ஒரு சுழற்சி ஐந்தாம் முறை ஓடும்போது மட்டும் நிற்க வேண்டும் என்று தோன்றும். அதற்கு எண்ணிக்கை வைத்து நிறுத்தும் மெத்தட் தேவை.

ஸ்க்வீக்கில் இவை ஒவ்வொன்றும் ஆப்ஜெக்ட் கிளாஸிலேயே சேர்ந்தன. ஹால்ட்இஃப், ஹால்ட்ஒன்ஸ், ஹால்ட்ஆன்கவுண்ட் ஆகியவை நிரலாளர் நேரடியாகப் பயன்படுத்துபவை. அவற்றோடு நிற்கவில்லை. ஒருமுறை மட்டும் நிற்க வேண்டுமானால், ஏற்கெனவே நின்றாயிற்றா என்று எங்காவது குறித்துவைக்க வேண்டும்; அந்தக் குறியை ஏற்ற ஒரு மெத்தட், இறக்க ஒரு மெத்தட், ஏறியிருக்கிறதா என்று கேட்க ஒரு மெத்தட். எண்ணிக்கைக்கும் அவ்வாறே: தொடக்க எண்ணை வைக்க ஒன்று, குறைத்துப் பார்க்க ஒன்று, எண் தீர்ந்ததும் செய்ய வேண்டியதைச் செய்ய ஒன்று. இந்த எடுபிடி மெத்தட்கள் அனைத்தும் உலகின் எல்லா ஆப்ஜெக்ட்டுகளுக்கும் மரபுரிமையாகப் போய்ச் சேர்ந்தன. ஓர் எண்ணிடம், உன் நிறுத்த எண்ணிக்கை தீர்ந்துவிட்டதா என்று கேட்க முடிவதில் பொருளே இல்லை. ஆனால் கேட்டால் அதுவும் விடை சொல்லும்.

இதைவிட ஆபத்தான விளைவு ஒன்றும் உண்டு. அந்தக் குறியும் எண்ணும் எங்கே சேமிக்கப்பட்டன? ஒவ்வோர் ஆப்ஜெக்ட்டிலும் அவற்றிற்கு இடம் ஒதுக்க முடியாது. ஆகவே முழுச் சூழலுக்கும் பொதுவான குளோபல் மாறிகளில் வைத்தார்கள். ஒருமுறை நிறுத்தும் குறி மொத்தச் சூழலுக்கும் ஒன்றே ஒன்று. இப்போது வரிசேர் மெத்தட்டில் ஒரு ஹால்ட்ஒன்ஸ், மொத்தம் என்ற மெத்தட்டில் இன்னொரு ஹால்ட்ஒன்ஸ் வைத்திருப்பதாகக் கொள்வோம். நிரல் ஓடி வரிசேர் மெத்தட்டில் நிற்கிறது; நிற்கும்போதே பொதுக்குறி இறங்கிவிடுகிறது. தொடரச் சொன்னதும் நிரல் மொத்தம் மெத்தட்டைக் கடக்கிறது, குறி இறங்கியிருப்பதால் அங்கே நிற்பதில்லை. நிரலாளர் இதைப் பார்த்து, மொத்தம் மெத்தட் அழைக்கப்படவே இல்லை என்று முடிவு கட்டுவார். பிழையைத் தேடும் கருவியே பொய் சொன்னால், அதை நம்பித் தேடுபவர் வேறு திசையில் வெகுதூரம் போய்விடுவார். என் பார்வையில், இந்த மெத்தட்களை இடம் மாற்றுவதற்கு மற்ற எல்லாக் காரணங்களையும்விட இதுவே வலுவானது: நினைவில் வைக்க வேண்டிய தகவல் ஒன்று இருக்கிறதென்றால், அந்தத் தகவலுக்குப் பொறுப்பான கிளாஸ் ஒன்றும் இருக்க வேண்டும்.

பாரோ செய்தது அதைத்தான். நிறுத்துவதற்கென்று ஹால்ட் என்னும் கிளாஸ் ஏற்கெனவே இருந்தது. அது நிரலின் வழக்கமான ஓட்டத்தை இடைமறிக்கும் விதிவிலக்குகளின், அதாவது எக்செப்ஷன் குடும்பத்தைச் சேர்ந்தது. நிறுத்தும் விதங்கள் அனைத்தையும் அந்த கிளாஸின் கிளாஸ் பக்க மெத்தட்களாக மாற்றினார்கள். தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்: ஸ்மால்டாக் குடும்பத்தில் கிளாஸும் ஓர் ஆப்ஜெக்ட்தான், ஆகவே அதற்கும் நேரடியாகச் செய்தி அனுப்பலாம். அப்படி அனுப்பப்படும் செய்திகளுக்கான மெத்தட்கள் கிளாஸ் பக்கத்தில் இருக்கின்றன. அந்த கிளாஸிலிருந்து உருவாகும் தனித்தனி ஆப்ஜெக்ட்டுகளுக்கான மெத்தட்கள் இன்ஸ்டன்ஸ் பக்கத்தில் இருக்கின்றன. இப்போது எழுதும் முறை இவ்வாறு அமைகிறது:

ஹால்ட் நௌ.
ஹால்ட் ஒன்ஸ்.
ஹால்ட் ஆன்கவுண்ட்: 5.
ஹால்ட் இஃப்: [ தொகை < 0 ].

முதல் வரி எப்போதும் நிறுத்தும். இரண்டாவது, ஒருமுறை மட்டும். மூன்றாவது, ஐந்தாம் முறை ஓடும்போது. நான்காவது, சதுர அடைப்புக்குள் இருக்கும் பிளாக்கை ஓட்டிப் பார்த்து, விடை உண்மையானால் நிறுத்தும். 10,000 ரசீது வரிகளில் எதிர்மறைத் தொகை வரும் அந்த ஒரு வரியில் நிரல் தானாக வந்து நிற்பது இதனால்தான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். செல்ஃப் ஹால்ட் என்று எழுதியபோது, எந்த ஆப்ஜெக்ட்டின் உள்ளே நிற்கிறோம் என்பது நிறுத்தும் மெத்தட்டிற்குத் தெரிந்திருந்தது. ஏனெனில் செய்தி அந்த ஆப்ஜெக்ட்டிற்கே போனது. செய்தியை ஹால்ட் கிளாஸிற்கு அனுப்பினால் அந்தத் தொடர்பு அறுந்துபோகாதா? ஸ்மால்டாக்கில் அறுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மெத்தட் அழைப்பும் கான்டெக்ஸ்ட் எனப்படும் ஓர் ஆப்ஜெக்ட்டாகக் கிடைக்கிறது. தன்னை அழைத்தது எந்த மெத்தட், அதன் செல்ஃப் எது என்று கான்டெக்ஸ்ட்டிடமே கேட்டுக்கொள்ளலாம். ஆகவே ஹால்ட் இஃப்: என்பதற்கு ஒரு மாறியை ஏற்கும் பிளாக்கைத் தந்தால், அழைத்த இடத்து ஆப்ஜெக்ட்டை அந்த மாறியில் வைத்தே பிளாக் ஓட்டப்படுகிறது.

அதே வசதியால் கிடைக்கும் இன்னொரு பயன், பாரோவுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கற்க வேண்டிய ஒன்று என்பேன். இஃப்: என்ற செய்திக்கு பிளாக்கிற்குப் பதிலாக ஒரு மெத்தட்டின் பெயரைத் தரலாம்:

ஹால்ட் இஃப்: #எதிர்மறைத்தொகைச்சோதனை.

இதன் பொருள், இப்போதைய அழைப்பு வரிசையில் மேலே எங்காவது அந்தப் பெயருள்ள மெத்தட் இருந்தால் மட்டும் நில் என்பதாகும். மொத்தம் என்ற மெத்தட்டைத் திரை அழைக்கிறது, அச்சுப்பொறிக்கான நிரல் அழைக்கிறது, நாம் எழுதிய சோதனையும் அழைக்கிறது. சோதனையிலிருந்து வரும்போது மட்டும் நிறுத்திப் பார்க்க இந்த ஒரு வரி போதும். திரை வரைவது தடைபடாது, நூறு டீபக்கர்கள் திறக்காது.

ஹால்ட் எக்செப்ஷன் குடும்பத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. அது எக்செப்ஷன் கிளாஸின் கீழ் இருக்கிறது, எரர் கிளாஸின் கீழ் இல்லை. நிரல்களில் பிழையைப் பிடித்துச் சமாளிக்கும் பகுதிகள் பெரும்பாலும் எரர் வகையை மட்டும் பிடிக்குமாறு எழுதப்படும். ஹால்ட் எரரின் கீழ் இருந்திருந்தால், நாம் வைத்த பிரேக்பாயிண்ட்டை அந்தப் பகுதி பிழையென்று நினைத்து விழுங்கியிருக்கும், டீபக்கர் திறந்திருக்காது. தனிக் கிளையாக இருப்பதால் அது பிடிபடாமல் மேலே சென்று டீபக்கரைத் திறக்கிறது. ஆனால் யாராவது எக்செப்ஷன் வகையையே மொத்தமாகப் பிடிக்கும்படி எழுதியிருந்தால் அங்கே ஹால்ட்டும் அகப்பட்டுக்கொள்ளும். வைத்த இடத்தில் நிரல் நிற்கவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இத்தகைய பகுதியைத்தான்.

தனி கிளாஸாக வைத்ததால் தீர்ந்த நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. ஏறக்குறைய எல்லா கிளாஸ்களும் ஆப்ஜெக்ட்டின் வழித்தோன்றல்கள் என்று மேலே சொன்னேன். விடுபட்டவற்றில் முக்கியமானவை ப்ராக்ஸி கிளாஸ்கள். வேறோர் ஆப்ஜெக்ட்டின் முன்னால் நின்று, தனக்கு வரும் செய்திகளையெல்லாம் அதற்குக் கடத்திவிடுவது ப்ராக்ஸியின் வேலை. தனக்கு முடிந்தவரை எதுவும் தெரியாமல் இருந்தால்தான் எல்லாவற்றையும் கடத்த முடியும் என்பதால், அது ஆப்ஜெக்ட்டிற்கும் மேலே உள்ள ப்ரோட்டோஆப்ஜெக்ட் என்ற கிளாஸிலிருந்து உருவாக்கப்படுகிறது. அத்தகைய கிளாஸின் மெத்தட்டிற்குள் செல்ஃப் ஹால்ட் என்று எழுதினால், அந்தச் செய்தியும் தெரியாத செய்தியாகி, பின்னால் இருக்கும் ஆப்ஜெக்ட்டிற்குக் கடத்தப்பட்டுவிடும். நாம் நிறுத்த நினைத்தது ப்ராக்ஸியை. செய்தியைப் பெற்றது வேறொருவர். ஹால்ட் நௌ என்று எழுதினால் இந்தக் குழப்பத்திற்கே இடமில்லை, ஏனெனில் செய்தி போவது ஹால்ட் கிளாஸிற்கு. செல்ஃப் யார் என்பது அங்கே பொருட்டில்லை.

அப்படியானால் ஆப்ஜெக்ட் கிளாஸில் ஹால்ட் மெத்தட்டே இருக்கக்கூடாதா? அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. பல்லாண்டுகளாகக் கை பழகிய ஒரு சொல்லைப் பறிப்பதில் யாருக்கும் நன்மையில்லை. பாரோவில் அந்த மெத்தட் இன்றும் இருக்கிறது; ஆனால் அதன் உள்ளே இருப்பது ஹால்ட் கிளாஸிற்கு நௌ என்று செய்தி அனுப்பும் ஒரே வரி. பொதுவான கிளாஸில் வாசல் மட்டும், வேலை முழுவதும் உரிய கிளாஸில் என்ற இந்தப் பங்கீடு எனக்குச் சரியாகவே படுகிறது. அந்த மெத்தட்டில் ஒரு பிராக்மா, அதாவது கருவிகள் படித்துக்கொள்வதற்கான குறிப்பு, இருக்கிறது. அதைப் பார்த்து டீபக்கர் அந்த இடைநிலை மெத்தட்டைக் கடந்து, நாம் ஹால்ட் எழுதிய மெத்தட்டிலேயே வந்து நிற்கிறது. இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் டீபக்கர் ஹால்ட் மெத்தட்டின் உட்புறத்தைக் காட்டும். நாம் நம் நிரலுக்குக் கீழிறங்கி வர வேண்டியிருக்கும். சிறிய வசதிதான், ஆனால் நாள் முழுவதும் டீபக்கரோடு வேலை செய்பவருக்கு அதன் அருமை தெரியும்.

இனி, ஒரு கிளாஸிற்குள் மெத்தட்களை வகைப்படுத்துவது பற்றி. ஸ்மால்டாக் குடும்பத்தில் நிரலைப் பார்க்க உதவும் பிரௌசரில் பேக்கேஜ் (கிளாஸ்களின் தொகுப்பு), கிளாஸ், ப்ரோட்டோகால், மெத்தட் என நான்கு பட்டியல்கள் அடுத்தடுத்து இருக்கும். ப்ரோட்டோகால் என்பது ஒரு கிளாஸின் மெத்தட்களைப் பயன்பாட்டின்படி பிரித்து வைக்கும் தலைப்பு. நிரல் ஓடுவதில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை; படிப்பவருக்காக மட்டுமே இருக்கிறது. ஆனாலும் அதை அலட்சியப்படுத்தக் கூடாது, ஏனெனில் இந்த மொழியில் ஒரு மெத்தட்டை வெளியார் அழைக்கக்கூடாது என்று தடுக்கும் வழி கிடையாது. உள்வேலைக்கான மெத்தட் என்பதை அறிவிக்க, அதை அந்தரங்கம் என்று பொருள்படும் ப்ரோட்டோகாலில் வைப்பதுதான் மரபு. நிறுத்தும் மெத்தட்களில், நிரலாளர் எழுதக்கூடிய நான்கைந்தை ஒரு தலைப்பின் கீழும், ஒருமுறை நிறுத்தும் குறியை ஏற்றி இறக்குபவற்றை மற்றொன்றின் கீழும், எண்ணிக்கையைக் கவனிப்பவற்றை மூன்றாவதன் கீழும் வைத்தால், புதிதாக வருபவர் முதல் தலைப்பைத் திறந்த மாத்திரத்தில் தனக்கு வேண்டியதைக் கண்டுகொள்வார். எல்லாவற்றையும் டீபக்கிங் என்ற ஒரே தலைப்பில் கொட்டி வைத்தால், பயன்படுத்த வேண்டியது எது, தொடக்கூடாதது எது என்று ஒவ்வொன்றையும் திறந்து படித்துத்தான் அறிய வேண்டும்.

சில வேளைகளில் நம் திட்டத்திற்கென்றே ஒரு நிறுத்தும் மெத்தட் தேவைப்படும். ரசீதின் தொகை முந்தைய மதிப்பிலிருந்து மாறும்போது மட்டும் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை ரசீது கிளாஸில் எழுதினால் வணிகக் கணக்கும் பிழைதேடலும் கலந்துவிடும். ஹால்ட் கிளாஸில் எழுதினால் நமக்குச் சொந்தமில்லாத பேக்கேஜை மாற்றியதாகிவிடும். இதற்கு எக்ஸ்டென்ஷன் மெத்தட் என்ற வழி இருக்கிறது: மெத்தட் ஹால்ட் கிளாஸில் இருக்கும், ஆனால் அதன் ப்ரோட்டோகாலின் பெயர் ஓர் உடுக்குறியில் தொடங்கி நம் பேக்கேஜின் பெயரைக் கொண்டிருக்கும். அந்தப் பெயரை வைத்து, இந்த மெத்தட் நம் பேக்கேஜிற்குச் சொந்தம் என்று சூழல் புரிந்துகொள்கிறது. நம் பேக்கேஜை ஏற்றினால் மெத்தட் வருகிறது, நீக்கினால் போய்விடுகிறது. பிழைதேடும் மெத்தட்களுக்கென்று தனி பேக்கேஜ் வைத்துக்கொண்டால், வாடிக்கையாளருக்கு அனுப்பும் பதிப்பில் அதை ஏற்றாமலே விடலாம்.

மற்ற மொழிகளும் இதே கேள்விக்கு விடை கண்டிருக்கின்றன. சி ஷார்ப் மொழியில் டீபக்கர் என்ற கிளாஸின் பிரேக் என்னும் ஸ்டாட்டிக் மெத்தட் நிரலை நிறுத்துகிறது. பாரோவின் ஏற்பாட்டிற்கு நெருங்கிய உறவு. ஜாவாஸ்கிரிப்ட் அதை மொழியின் சொல்லாகவே வைத்துக்கொண்டது. பைத்தான் 2018ல் வெளிவந்த 3.7 பதிப்பில் பிரேக்பாயிண்ட் என்ற செயற்கூறைச் சேர்த்தது. அது நேரடியாக நிறுத்தாமல் ஒரு கொக்கியை, அதாவது நாம் மாற்றி வைக்கக்கூடிய வேறொரு செயற்கூறை, அழைக்கிறது, அந்தக் கொக்கியை மாற்றி நமக்கு விருப்பமான டீபக்கரை இணைக்கலாம், இயங்குதளத்தின் சூழல் மாறி ஒன்றில் சுழியம் வைத்து எல்லா பிரேக்பாயிண்ட்டுகளையும் ஒரேயடியாக அணைக்கவும் செய்யலாம். வடிவங்கள் வேறானாலும், நிறுத்துவதைப் பற்றிய முடிவுகள் ஓரிடத்தில் எடுக்கப்பட வேண்டும் என்பதில் இவை ஒத்துப்போகின்றன.

பாரோவின் பிற்காலப் பதிப்புகளில் நிரல் வரியை மாற்றாமலே பிரேக்பாயிண்ட் வைக்கும் வசதியும் வந்துவிட்டது. மெத்தட்டின் ஒரு பகுதியைத் தேர்ந்து மெனுவிலிருந்து சேர்த்தால், நிரலின் உரை அப்படியே இருக்க, அதன் உள் அமைப்பில் மட்டும் ஓர் இணைப்பு பொருத்தப்படுகிறது. ஒருமுறை நிற்பதும் நிபந்தனையோடு நிற்பதும் அங்கேயும் உண்டு. உரை மாறாததால், பிரேக்பாயிண்ட் தவறுதலாக, நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்திற்குள் போய்விடும் அபாயம் இல்லை. ஆயினும் ஒரு நிபந்தனையை எழுத்தில் வைத்து, சக நிரலாளருடன் பகிர்ந்து, இருவரும் ஒரே இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும்போது ஹால்ட் வரியே வசதியாக இருக்கிறது.

அப்படி எழுதிய வரிகளை வெளியீட்டிற்கு முன் அகற்ற வேண்டும். நிறுத்துவது ஒரு கிளாஸின் வேலையாக இருப்பதால் தேடுவதும் எளிது: பிரௌசரில் ஹால்ட் கிளாஸைத் தேர்ந்து, அதைக் குறிப்பிடும் மெத்தட்கள் எவை என்று கேட்டால் நௌ, ஒன்ஸ், இஃப், ஆன்கவுண்ட் எல்லாம் ஒரே பட்டியலில் வந்துவிடும். பழைய பழக்கத்தில் எழுதிய செல்ஃப் ஹால்ட் மட்டும் அந்தப் பட்டியலில் வராது, ஏனெனில் அந்த வரியில் கிளாஸின் பெயர் இல்லை. அதற்கு ஹால்ட் என்ற செய்தியை அனுப்பும் மெத்தட்களைத் தனியாக ஒருமுறை தேட வேண்டும்.